காது, தொண்டை, மூக்கில் திடீர் வலியா? சொட்டு மருந்து வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் இருபத்திரண்டு வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் அல்ல. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் காதைப் பொத்திக்கொண்டு வருகிறவர் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். "காது வலிக்கு ஏதாவது சொட்டு மருந்து குடுங்க அண்ணே" என்பார். எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். கொடுக்காமல் கேள்வி கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். வந்தாலும் கேட்பேன். ஏனென்றால் காது, மூக்கு, தொண்டை விஷயத்தில் வலிக்கிற இடம் ஒன்றாகவும் வலி கிளம்புகிற இடம் வேறாகவும் இருப்பது ரொம்பச் சாதாரணம். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. பல், நாக்கு, தொண்டை இவற்றுக்குப் போகும் நரம்புகள் காதுக்கும் கிளை விடுகின்றன. காதில் ஊற்றும் மருந்து தொண்டையில் இருக்கும் கோளாறை என்ன செய்யும்?

ஆகவே கவுன்ட்டரில் நான் கேட்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே போய்ப் படியுங்கள். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தால் மேலே படிக்க வேண்டாம், கிளம்புங்கள்

மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வருகிறது, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வழிகிறது, குழந்தை படுக்க மறுத்து முன்னால் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறது என்றால் தொண்டையின் மூச்சு வழி வீங்குகிறது. வாயைத் திறந்து கரண்டியை வைத்து டார்ச் அடித்துப் பார்க்கக் கூடாது. அந்தத் தூண்டுதலிலேயே வழி முழுதாக அடைத்துவிடலாம். உட்கார்ந்த நிலையிலேயே தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த வீக்கத்துக்குப் பெரும் காரணமாக இருந்த கிருமிக்கான தடுப்பூசி, ஐந்து நோய்க்கான ஊசியோடு சேர்ந்து 2011 டிசம்பரில் தமிழகத்திலும் கேரளத்திலும்தான் நாட்டிலேயே முதலில் அரசுத் திட்டத்தில் வந்தது. ஆகவே இது இப்போது அரிது. அரிது என்பதாலேயே பார்த்தவுடன் அடையாளம் தெரியாமல் போகிறது.

குழந்தை பட்டன் பேட்டரியைக் காதிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டாலோ விழுங்கிவிட்டாலோ அது சில மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். சொட்டு மருந்து, எண்ணெய், தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். ஈரம் பட்டால் இன்னும் வேகமாக அரிக்கும்.

காது வலியோடு முகம் ஒரு பக்கம் கோணுகிறது, அல்லது காது மடலில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வருகின்றன. அக்கி காது நரம்பைத் தாக்கியிருக்கலாம். 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் முகம் பழையபடி திரும்பும் வாய்ப்பு அதிகம்.

காலையில் எழுந்தால் ஒரு காது திடீரென்று கேட்கவில்லை, வலியே இல்லை. வலி இல்லை என்பதால் இதைத்தான் எல்லாரும் தள்ளிப் போடுகிறார்கள். "அழுக்கு அடைச்சிருக்கும்" என்று பத்து நாள் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நரம்புக் கோளாறாக இருந்தால் முதல் சில நாட்களில் கொடுக்கும் ஸ்டீராய்டு சிகிச்சைதான் கைகொடுக்கும்.

காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் சிவந்து வீங்கி, மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. காய்ச்சலோடு கழுத்து விறைத்து, ஆள் மயங்கி மயங்கி விழுகிறார். இந்த இரண்டும் ஆஸ்பத்திரி வேலை.

நடக்கும்போது, படி ஏறும்போது தொண்டையை யாரோ பிடிப்பது போல் இறுக்கி, தாடைக்கு ஏறி, நின்றால் குறைகிறது. கூடவே வியர்க்கிறது. இது தொண்டையே அல்ல, நெஞ்சு. இதற்குத் தொண்டை மிட்டாய் கேட்டு வந்தவரை ஆட்டோ பிடித்து ஈ.சி.ஜி. எடுக்க அனுப்பியிருக்கிறேன்.

சர்க்கரை நோயாளிக்கு ஒரு பக்கக் கன்னம் வலித்து, மரத்துப்போய், கண் வீங்கி, மூக்கில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தால் அன்றே போக வேண்டும். 2021 மே மாதம் கொரோனாவுக்குப் பின்னால் வந்த கருப்புப் பூஞ்சையை யாரும் மறந்திருக்க மாட்டோம். கொரோனா இல்லாமலும் அது வரும்.

காது: மடலை இழுத்தால் உயிர் போகிறது

சரி, காதிலிருந்து ஆரம்பிப்போம். காது மடலை மெல்ல மேலே, பின்னால் இழுத்துப் பாருங்கள். அப்புறம் காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்னக் குருத்தெலும்பை விரலால் அழுத்துங்கள். வலி கூடினால் கோளாறு பெரும்பாலும் வெளிக்காதுக் குழாயில். கூடவில்லை என்றால் அதற்கும் உள்ளே, அல்லது காதுக்கு வெளியே வேறெங்கோ. இந்த ஒரு சோதனை பாதி வழியைக் காட்டிவிடும்.

வெளிக்காதுப் புண் எப்படி வருகிறது என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் கையிலேயே பதில் இருக்கும். ஹேர்பின், சேஃப்டி பின், தீக்குச்சி, பைக் சாவி, கோழி இறகு, பஞ்சு சுற்றிய பட்ஸ். காது அழுக்கு உண்மையில் அழுக்கே அல்ல. தோலைக் காக்கும் மெழுகு. தானாகவே வெளியே நகர்ந்து வரும். நாம் குடைந்து அதை எடுத்துவிட்டுத் தோலில் கீறலும் போடுகிறோம். மேலே குளத்துத் தண்ணீர் படுகிறது. இரண்டாம் நாள் குழாய் வீங்கிக் காதே அடைத்துக்கொள்ளும். மென்றால் வலி, அந்தப் பக்கம் தலை வைத்தால் வலி.

இதற்குச் சொட்டு மருந்து உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் டாக்டர் உள்ளே பார்த்த பிறகு. காது ஜவ்வில் ஓட்டை இருந்தால் ஜென்டமைசின், நியோமைசின் வகைச் சொட்டு மருந்துகள் உள்ளே இறங்கிக் கேட்கும் நரம்பையே கெடுக்கலாம். போன வருடம் மாமாவுக்கு எழுதிக் கொடுத்து மிச்சம் இருக்கிற பாட்டிலை விட வேண்டாம் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். குழாய் ரொம்ப வீங்கியிருந்தால் மருந்து உள்ளேயே போகாது. டாக்டர் சின்னத் திரி வைத்து அதன் வழியாக இறக்குவார்.

மருந்து எழுதிக் கொடுத்தபின் விடும் முறையும் முக்கியம். பாட்டிலை இரண்டு நிமிடம் உள்ளங்கையில் மூடி வைத்துக்கொள்ளுங்கள். ஜில்லென்று விட்டால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுத்து, மடலைப் பின்னால் இழுத்து, சொன்ன அளவு சொட்டு விட்டு, முன்பக்கக் குருத்தெலும்பை நாலைந்து தடவை அமுக்குங்கள். மருந்து பம்ப் அடித்தது போல் உள்ளே போகும். ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருங்கள். பத்து நாளைக்குக் காதில் தண்ணீர் படக் கூடாது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வாயிலில் வைத்தால் போதும்.

வயதான சர்க்கரை நோயாளிக்கு வரும் வெளிக்காது வலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மருந்து விட்டும் குறையாமல், ராத்திரியில் எலும்பைக் குடைவது போல் வலித்தால் கிருமி மண்டை ஓட்டின் அடி எலும்புக்குப் போயிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. இரண்டு நாளில் தெளிவு தெரியவில்லை என்றால் திரும்பவும் ஈ.என்.டி. டாக்டரிடம் போங்கள்.

காது: சளி பிடித்து மூன்றாம் நாள், ராத்திரி குழந்தை அலறுகிறது

மடலை இழுத்தால் வித்தியாசம் இல்லை, ஆனால் காய்ச்சல், சளி, தூக்கத்தில் வீறிட்டு எழுந்து காதைப் பிடித்துக்கொள்கிறது. இது நடுக்காது. நான் சொன்ன அந்த மூக்கு-காதுக் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில் இருக்கும். சளி சுலபமாக ஏறி அடைத்துக்கொள்ளும். படுத்தால் அழுத்தம் கூடும். அதனால்தான் ராத்திரி அழுகை.

ஒரு மழை நாள், கடை அடைக்கும் நேரம். இரண்டு வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் வந்தார். குழந்தையின் கழுத்தெல்லாம் எண்ணெய், பூண்டு வாசனை. பாட்டி நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி விட்டிருக்கிறார். "சூடு அளவாத்தான் இருந்துச்சு தம்பி" என்று கூடவே வந்த பாட்டி சொன்னார். அவர் கண்ணிலும் தண்ணீர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய அம்மா அவருக்கு அப்படித்தான் செய்திருப்பார். ஆனால் நடுக்காதுச் சளிக்கும் வெளியே விடும் எண்ணெய்க்கும் நடுவில் ஜவ்வு இருக்கிறது. எண்ணெய் அங்கே போகவே போகாது. ஜவ்வு ஏற்கெனவே கிழிந்திருந்தால் போகக் கூடாத இடத்துக்குப் போகும். தாய்ப்பால், வெங்காயச் சாறு எல்லாவற்றுக்கும் இதேதான். குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கிலும் காதிலும் வாயால் ஊதுவதையும் விட்டுவிடுங்கள்.

அன்று ராத்திரி அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டது பாரசிட்டமால். எடைக்குத் தகுந்தபடி, கிலோவுக்கு 15 மி.கி. இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. கடையில் ஒரே மாதிரி இருக்கும் சிரப்புகளில் 5 மி.லி.க்கு 125 மி.கி. உள்ளது ஒன்று, 250 மி.கி. உள்ளது இன்னொன்று. கைக்குழந்தைகளுக்கான, வாயில் கொடுக்கும் சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. வேண்டும் என்றால், முதல் வகையில் 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., சொட்டு மருந்தில் 1.5 மி.லி. "ஒரு மூடி குடுத்தேன்" என்று யாராவது சொன்னால் எனக்குத் திக்கென்று இருக்கும். லேபிளைப் படித்து, கூடவே வரும் அளவுக் குழலில் எடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் போகக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எதுவும் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

இபுபுரூஃபன் வலிக்கு நல்லதுதான். ஆனால் நம் ஊரில் மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். டெங்குவில் அது ரத்தக் கசிவைக் கூட்டும். சந்தேகம் தீரும்வரை பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பது வயதையும் நிலையையும் பொறுத்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு உடனே தேவை. இரண்டு வயதுக்கு மேல், ஒரு காது மட்டும், லேசான காய்ச்சல் என்றால் வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்க்கலாம் என்று டாக்டரே சொல்லலாம். பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். "ஒண்ணும் எழுதிக் குடுக்கலை" என்று அந்த டாக்டர்மேல் கோபப்படாதீர்கள்.

காது: வலி சட்டென்று நின்றது, ஆனால் தலையணை ஈரம்

ஜவ்வில் சின்ன ஓட்டை விழுந்து சீழ் வெளியே வந்துவிட்டது. அழுத்தம் போனதால் வலியும் போனது. பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சில வாரத்தில் மூடிக்கொள்ளும். ஆனால் டாக்டரிடம் காட்டுங்கள், தண்ணீர் படாமல் பாருங்கள், வெளியே வந்ததை மட்டும் துணியால் ஒற்றி எடுங்கள். மூடிவிட்டதா என்று ஆறு வாரத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். கன்னத்தில் அறைந்து ஜவ்வு கிழிவதும் உண்டு. அதற்கும் சொட்டு மருந்து விடக் கூடாது.

காது: முதலில் அரிப்பு, அப்புறம் வலி

எங்கள் பக்கம் புழுக்கத்தில் இது ரொம்ப அதிகம். பூஞ்சை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே நனைந்த செய்தித்தாள் மாதிரி, மேலே கறுப்புப் புள்ளிகள். வாராவாரம் காதுக்கு எண்ணெய் விடுகிறவர்கள், மாதக் கணக்கில் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து விட்டவர்கள், நாள் முழுக்க இயர்போன் மாட்டியிருக்கும் பிள்ளைகள், இவர்களுக்குத்தான் பெரும்பாலும். டாக்டர் உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்தபின் க்ளோட்ரிமசோல் சொட்டு மருந்து இரண்டு வாரம். மூன்றாம் நாளே அரிப்பு நின்றுவிடும், நீங்களும் நிறுத்திவிடுவீர்கள். மாதக் கடைசியில் மறுபடி வருவீர்கள். முழுசாக விடுங்கள்.

காது: உள்ளே என்னமோ ஓடுகிறது

எறும்பு, வண்டு, கரப்பான். உயிரோடு இருக்கும்போது ஜவ்வில் கால் பட்டால் பெரிய ஆள்கூடக் கத்துவார். அந்தக் காது மேலே இருக்கும்படி படுக்க வைத்து, லேசாக வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயைக் காது நிறைய விடுங்கள். பூச்சி செத்துவிடும். எண்ணெய் இல்லை என்றால் உப்புத் தண்ணீர். காதில் எண்ணெய் விடலாம் என்று நான் சொல்லும் ஒரே சந்தர்ப்பம் இதுதான். ஏற்கெனவே சீழ் வடியும் காது, ஓட்டை உள்ள காது என்றால் இதுவும் கூடாது. அப்புறம் டாக்டரிடம் போய் எடுத்துவிடுங்கள். கொண்டைக் கடலை, பட்டாணி போட்டுக்கொண்ட குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊறி வீங்கிவிடும்.

காது: தலைக்குக் குளித்ததும் அடைத்தது, மலை ஏறும்போது அடைத்தது

குளித்ததும் அடைத்தால் மெழுகு ஊறியிருக்கிறது. மெழுகை இளக்கும் சொட்டு மருந்து ஐந்து நாள், தேவைப்பட்டால் டாக்டர் எடுத்துவிடுவார். கொடைக்கானல் பஸ்ஸிலோ விமானம் இறங்கும்போதோ அடைத்தால் எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதுங்கள். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுங்கள். கடும் சளியோடு விமானம் ஏறாமல் இருப்பது நல்லது.

தொண்டை: விழுங்கினால் எரிகிறது

இருமல், மூக்கொழுகல், குரல் கம்மல் கூட இருக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் வைரஸ். ஒரு வாரத்தில் போய்விடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, வலிக்குப் பாரசிட்டமால் போட்டு, கஞ்சி, ரசம் என்று இளஞ்சூடாகக் குடித்துக்கொண்டிருங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தேனும் தரலாம்.

இருமல் இல்லை, ஆனால் நல்ல காய்ச்சல், அடிநாச் சதையில் (டான்சிலில்) வெள்ளைத் திட்டு, தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் நெறிகட்டி, வயது ஐந்திலிருந்து பதினைந்து. இப்படியானால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம், டாக்டர் பார்க்க வேண்டும். இதைச் சரியாகக் கவனிக்காவிட்டால் பின்னால் வாதக் காய்ச்சல் வந்து மூட்டு வீங்கும், இதய வால்வு கெடும். வலி ஆரம்பித்து ஒன்பது நாளுக்குள் மருந்து தொடங்கினாலும் அதைத் தடுக்க முடியும். ஆகவே நாளைக் காலை வரை பொறுத்து டாக்டரைப் பார்ப்பதில் நஷ்டமில்லை. பென்சிலின் அல்லது அமாக்சிசிலின் எழுதினால் பத்து நாள் என்பது பத்து நாள்தான். நாலாம் நாள் குழந்தை விளையாட ஆரம்பித்துவிட்டது என்று நிறுத்தினால் கிருமி அங்கேயே இருக்கும்.

"அந்த மூணு மாத்திரை அட்டை குடுங்க, போன தடவை அதுலதான் கேட்டுச்சு" என்று அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கேட்பவர்கள் தினமும் வருகிறார்கள். போன தடவை அது வைரஸாக இருந்து மூன்றாம் நாள் தானே அடங்கியிருக்கும், பெயர் மாத்திரைக்குப் போயிருக்கும். சீட்டு இல்லாமல் அதை நான் கொடுப்பதில்லை. இதனால் சில வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

ஒரு பக்கம் மட்டும் கடும் வலி, வாயை இரண்டு விரல் அகலம்கூடத் திறக்க முடியவில்லை, சூடான கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போன்ற குரல், அதே பக்கக் காதும் வலிக்கிறது என்றால் அடிநாச் சதைக்குப் பக்கத்தில் சீழ் கட்டியிருக்கிறது. மாத்திரையால் மட்டும் போகாது, டாக்டர் சீழை எடுக்க வேண்டும். எடுத்த நிமிடமே வாய் திறக்கும். கீழ்ப் பல் வலித்துக்கொண்டிருந்து, நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் கல் மாதிரி வீங்கி நாக்கு மேலே தூக்கினால் அது இன்னும் அவசரம். மூச்சு அடைக்கும்.

தொண்டையில் சாம்பல் நிறப் படலம் ஒட்டிக்கொண்டு, துடைத்தால் ரத்தம் கசிந்து, கழுத்து தடித்திருந்தால் அது தொண்டை அடைப்பான். தடுப்பூசி இருப்பதால் எங்கேயோ ஒன்று என்று ஆகிவிட்ட நோய். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய, இதற்கும் இரண ஜன்னிக்கும் சேர்ந்த டி.டி. (Td) ஊசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் சீட்டு வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

தொண்டை: மீன் முள்

கடற்கரை ஊர்க்காரன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மத்தி, உல்லம் சாப்பிடுகிற வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இது நடக்கும். உடனே என்ன செய்கிறோம்? வெறும் சோற்றை உருட்டி விழுங்குகிறோம். போகவில்லை என்றால் வாழைப்பழம். அதற்கும் போகவில்லை என்றால் விரலை விட்டுத் துழாவுகிறோம். முள் பெரும்பாலும் அடிநாச் சதையிலோ நாக்கின் பின்பக்க வேரிலோதான் குத்தி நிற்கும், டாக்டர் கண்ணுக்குத் தெரிகிற இடம். சோற்றுருண்டை அதை அழுத்தி உள்ளே இறக்கினால் தெரியாத இடத்துக்குப் போய்விடும். உணவுக் குழாயைக் கிழிக்கவும் செய்யலாம்.

முதலில் நிதானமாக உட்காருங்கள். ஒரு வாய் தண்ணீர் விழுங்கி, எங்கே குத்துகிறது என்று ஒற்றை விரலால் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தைக் காட்டினால் முள் இருக்கிறது. இடம் மாறி மாறி, பொதுவாக உறுத்துகிறது என்றால் பெரும்பாலும் முள் இறங்கிப் போயிருக்கும், கீறல் மட்டும் இருக்கும். அது ஒரு நாளில் குறையும். வாயைத் திறந்து நல்ல வெளிச்சத்தில் பார்த்து முள்ளின் நுனி தெளிவாகத் தெரிந்தால் மட்டும் இடுக்கியால் எடுக்கலாம். தெரியவில்லை என்றால் தேடாதீர்கள். அதற்கப்புறம் எதுவும் சாப்பிடாமல் ஈ.என்.டி. டாக்டரிடம் போங்கள். கண்ணாடியோ சின்னக் கேமராக் குழாயோ வைத்து எடுத்துவிடுவார். வலி தொண்டைக் குமிழுக்குக் கீழே இருந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மறுநாள் காய்ச்சல் வந்தாலோ பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள். சிலர் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போகிறார்கள். முள்ளுக்கு அது வேண்டாம்.

காதுக்குக் கீழே வீங்கியிருக்கிறது

காது மடலின் அடியில் கன்னம் உப்பி, புளிப்பு சாப்பிட்டால் சுருக்கென்று வலித்தால் பொன்னுக்கு வீங்கி. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுக்கொண்டால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ஐந்து நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதீர்கள். வலிக்குப் பாரசிட்டமால், நிறையத் தண்ணீர். வயது வந்த ஆணுக்கு விதை வீங்கி வலித்தால், யாருக்காவது காது மந்தமானால், கடும் தலைவலியோடு வாந்தி வந்தால் டாக்டர். அரசு போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து இல்லை. இதற்கான ஊசி வேண்டும் என்றால் தனியாரிடம் போட வேண்டும்.

மூக்கு: நுனியில் தொட முடியாத வலி

மூக்கு முடியைப் பிடுங்கிய இரண்டாம் நாள் வரும் கட்டி இது. கிள்ளாதீர்கள். மூக்கும் மேலுதடும் சேர்ந்த அந்த முக்கோணத்தின் ரத்தக் குழாய்கள் மூளைப் பக்கம் போகின்றன. வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம், டாக்டர் எழுதினால் முபிரோசின் களிம்பு. முகம் வீங்கினாலோ கண் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே போங்கள்.

மூக்கு: "சைனஸ்" என்று நீங்கள் சொல்வது

குனிந்தால் கன்னம் கனக்கிறது, மேல் பற்கள் வலிக்கின்றன, கெட்டியான சளி. சளி பிடித்து முதல் பத்து நாளுக்குள் என்றால் இதுவும் பெரும்பாலும் வைரஸ்தான். பத்து நாள் தாண்டியும் குறையாவிட்டால், அல்லது குறைந்து வந்து திடீரென்று இரண்டாம் தடவையாகக் காய்ச்சலோடு ஏறினால் டாக்டரைப் பாருங்கள். சளி பச்சையாக இருப்பது மட்டும் ஆன்டிபயாடிக்குக்குக் காரணம் ஆகாது. மூக்கே அடைக்காமல், சளியும் இல்லாமல், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் வரும் நெற்றி வலி சைனஸ் அல்ல, ஒற்றைத் தலைவலி. வருடக் கணக்கில் சைனஸ் மாத்திரை வாங்குகிறவர்களில் பலருக்கு இதுதான் என்பது என் எண்ணம்.

மூக்கை உப்பு நீரால் கழுவுவது நல்ல பலன் தரும். நன்றாகக் கொதித்து ஆறிய 240 மி.லி. தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. கொதிக்க வைக்காத குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. 2024-இல் கேரளத்தில் சிலரின் உயிரைக் குடித்த மூளை அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. அடைப்பைத் திறக்கும் மூக்குச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விடாதீர்கள். அப்புறம் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சளிக்கான கலவை மாத்திரையை வாங்கும்போது கவுன்ட்டரில் அதைச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வேண்டாம், கொதிநீர் கொட்டிய காலும் கையும் நான் பார்த்திருக்கிறேன்.

மூக்கில் அடிபட்டு, ரத்தம் நின்ற பிறகு இரண்டு துளையும் அடைத்து, உள்ளே நடுச்சுவர் மெத்தென்று உப்பியிருந்தால் ரத்தம் கட்டியிருக்கிறது. ஒரு நாளுக்குள் எடுக்காவிட்டால் குருத்தெலும்பு அழுகி மூக்கே சப்பையாகிவிடும். கிரிக்கெட் பந்து பட்ட பையன்களின் அப்பாக்கள் கவனிக்க.

குழந்தைக்கு ஒரு பக்க மூக்கு மட்டும் நாற்றமாக ஒழுகினால் உள்ளே ஏதோ இருக்கிறது. மணி, ரப்பர், கடலை. நோண்டாதீர்கள், பின்னால் போய் மூச்சுக் குழாயில் விழலாம்.

காதைப் பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனாலும் வலிக்கிறது

மடலை இழுத்தால் வலி இல்லை, சளி இல்லை, டாக்டர் பார்த்து ஜவ்வு நன்றாக இருக்கிறது என்கிறார். அப்போது காதை விட்டுவிட்டு மற்ற இடங்களைப் பாருங்கள். கடைவாய்ப் பல்லில் தட்டினால் வலிக்கிறதா? வாயைத் திறந்து மூடும்போது காதுக்கு முன்னால் 'டக்' என்கிறதா? ராத்திரி பல்லைக் கடிக்கிறீர்களா? இவையெல்லாம் பல் டாக்டர் சரிசெய்யக் கூடியவை.

இன்னொன்று உண்டு. படகில் வலை இழுத்த பெரியவர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், இரண்டு மாதமாக வலது காதுக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு தடவை மகன் வாங்கிப் போவார், ஒரு தடவை பேரன். அவரே வந்த அன்று, பேசும்போது வாயை ஓரமாக வைத்துக்கொண்டு பேசினார். "எச்சி முழுங்குனா காதுல சுருக்குனு இழுக்குது தம்பி" என்றார். வெற்றிலையும் புகையிலையும் நாற்பது வருடப் பழக்கம். கழுத்தில் வலது பக்கம் ஒரு கட்டி, சட்டைக் காலருக்கு மேலே எனக்கே தெரிந்தது. சொட்டு மருந்தைக் கொடுக்காமல் மகனைப் போன் போட்டு வரச் சொல்லி, ஈ.என்.டி. டாக்டரிடம் அனுப்பினேன். நாக்கின் பின்பக்க வேரில் புண், புற்றுநோய். அந்த இரண்டு மாதத்தில் என் கடையிலிருந்து போன பாட்டில்களைப் பில் புத்தகத்தில் எண்ணிப் பார்த்தேன். ஐந்து. அதற்கப்புறம், ஒரே ஆளுக்கு மூன்றாவது தடவை காதுச் சொட்டு மருந்து கேட்டு யார் வந்தாலும், நோயாளியை நேரில் பார்க்காமல் நான் கொடுப்பதில்லை.

புகையிலை, பான், பீடி, சாராயப் பழக்கம் உள்ளவருக்கு ஒரு பக்கக் காது வலியோ, குரல் கம்மலோ, விழுங்கும்போது உறுத்தலோ, வாய்ப் புண்ணோ, கழுத்துக் கட்டியோ மூன்று வாரம் தாண்டினால் தொண்டையின் அடி வரைக்கும் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் ஈ.என்.டி. பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். போகும்போது இதுவரை விட்ட சொட்டு மருந்துப் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.